நலம், நலமறிய ஆவல் - பட்டாளத்துக் கடிதாசிகள்

டிஸ்கி: இது வழக்கமான மொக்கை இல்லை மக்களே. தற்கொலை பத்தின பேச்சு வருது. மனசு சரியில்லாத நேரத்துல யாராவது படிக்க வந்திருந்தா, கடைசியில சில போன் நம்பர் இருக்கு, அதை முதல்ல பாத்துக்குங்க. மத்ததை அப்புறம் படிக்கலாம், அவசரமே இல்லை.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

ஏழாவது படிக்கும்போது எனக்கு ஒரு பார்ட் டைம் வேலை இருந்தது. சம்பளம் நாலு முறுக்கு. எதிர்வீட்டு ஆயாவுக்குக் கடிதாசி எழுதிக் கொடுக்கணும். ஆயாவோட பையன் பட்டாளத்துல இருந்தாரு. பேர், நம்பர், யூனிட், கேர் ஆஃப் 56 ஏபிஓ. அந்த 56 ஏபிஓ எந்த ஊர்ல இருக்குன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. ஆயா அது காஷ்மீர்ல இருக்குன்னே நம்பிட்டு இருந்துச்சு. உண்மையில அது டில்லியில இருக்கிற ராணுவ தபால் மையம். அங்க இருந்துதான் கடிதாசி யூனிட் எங்க இருக்கோ அங்க போகும். ஆள் எங்க இருக்கார்னு வெளியில தெரியக்கூடாது, அதுக்குத்தான் அந்த நம்பர்.

"அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல்." இதை ஆயா சொல்லவே வேணாம், நானே எழுதிடுவேன். அப்புறம்தான் ஆயா பேச ஆரம்பிக்கும். மாடு செத்தது, ஊர்ல பங்காளி வரப்பை வெட்டினது, மருமக கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போனது, எல்லாம் வரும். நான் பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு கேட்டுட்டே இருப்பேன். எல்லாத்தையும் சொல்லி முடிச்சுட்டு, "இதெல்லாம் எழுதிடாத கண்ணு. அங்க தனியா கிடக்கறான். படிச்சுட்டு என்னா பண்ணுவான்? எல்லாரும் நல்லா இருக்கோம்னு எழுதிடு"ன்னு சொல்லும். எழுதிடுவேன். அங்க இருந்து வர்ற பதிலும் அதே மாதிரிதான் இருக்கும். நலம், நலமறிய ஆவல், பணம் அனுப்பியிருக்கிறேன், உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

நான் பத்தாவது வந்தப்போ தந்தி வந்தது. எப்படின்னு யாரும் சத்தமா சொல்லலை. தெருவே தாழ்ந்த குரல்ல பேசிக்கிச்சு. அவரே எடுத்த முடிவுன்னு எனக்குத் தெரிய இன்னும் ரெண்டு வருஷம் ஆச்சு. காரியம் எல்லாம் முடிஞ்சப்புறம் ஆயா என்னைக் கூப்பிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. "கடைசி கடிதாசியில என்னாடா கண்ணு எழுதியிருந்தான்? நல்லா படிச்சுப் பாரு." படிச்சேன். நலம், நலமறிய ஆவல்.

ஒரு மனுஷன் ஏன் அந்த முடிவுக்குப் போறான்கிறதுக்கு ஒத்தைக் காரணம் எப்பவும் கிடையாது. கடிதாசியில வரப்புத் தகராறை எழுதியிருந்தா அவர் பிழைச்சிருப்பார்னு நான் சொல்ல வரலை. ஆனா ஆயாவோட அந்தக் கேள்வி என்னை விடலை. எழுத்து ஒரு சிப்பாயைக் காப்பாத்துமா? காப்பாத்தும்னா எந்த மாதிரி எழுத்து? இதைத் தேடித்தான் பல வருஷமா கண்டதையும் படிச்சுட்டு இருக்கேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

*

முதல்ல எங்க ஊரைப் பத்தி ரெண்டு வரி. நான் வளர்ந்தது பட்டாபிராம். புறநகர் ரயில்ல வந்தீங்கன்னா, இங்க பிரியற குட்டி லைனோட கடைசி ஸ்டேஷன் பேரே 'பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்'. பக்கத்துல ஆவடி. ஆவடிங்கிற பேரே ஏதோ ராணுவ டிப்போவோட இங்கிலீஷ் முதலெழுத்துகள்னு எங்க ஊர்ல சத்தியம் பண்ணிச் சொல்லுவாங்க. அது பின்னாடி ஜோடிச்ச கதை, ஊர்ப் பேர் டிப்போவுக்கு முன்னாடியே இருந்தது. ஆனா கதை ஒட்டிக்கிட்டதுக்குக் காரணம் இருக்கு. ரெண்டாம் உலகப்போர்ல இது பெரிய ராணுவத் தளம். 1955ல இங்க நடந்த காங்கிரஸ் மாநாடு எல்லாருக்கும் தெரியும். 1961ல டாங்க் ஃபாக்டரி வந்துச்சு, 1965ல முதல் விஜயந்தா டாங்க் இங்க இருந்து உருண்டு போச்சு. சிப்பாய்க்கு யூனிஃபார்ம் தைக்கிற ஃபாக்டரி, விமானப்படை நிலையம், சிஆர்பிஎஃப் முகாம் எல்லாம் இங்கதான். அந்தப் பக்கம் பூந்தமல்லி போனா 19ம் நூற்றாண்டுலயே வெள்ளைக்கார சோல்ஜர்களுக்கு டிப்போ இருந்த ஊர். எங்க பக்கம் தெருவுக்கு ரெண்டு வீட்டுலயாவது யூனிஃபார்ம் கொடியில காயும். அதனாலதான் எனக்கு இது வெறும் சரித்திரம் இல்லை.

*

சரி, மேட்டருக்கு வருவோம். 1914.

முதல் உலகப்போர் தொடங்கி ரெண்டு மாசத்துக்குள்ள இந்தியச் சிப்பாய்கள் பிரான்ஸ்ல, மார்செய் துறைமுகத்துல இறங்கிட்டாங்க. அங்க இருந்து நேரா பதுங்குகுழி, குளிர், சேறு. அவங்க வீட்டுக்கு எழுதற கடிதாசிகளைப் படிக்கறதுக்குன்னே ஒரு தணிக்கை ஆபீஸ் போட்டாங்க. பூலோன்ங்கிற ஊர்ல அது நடந்தது. தலைமைத் தணிக்கையாளர் பேர் ஹோவெல். இந்தியாவுல உத்தியோகம் பாத்த ஆளு, மொழி தெரியும். 1915 மார்ச் வாக்குல சிப்பாய்கள் வாரத்துக்கு 10,000 முதல் 20,000 கடிதாசி எழுதிட்டு இருந்தாங்க. பெரும்பாலும் உருது, இந்தி, பஞ்சாபி. நம்ம ஆளுங்க அதுல குறைவு. எழுதத் தெரியாதவங்களுக்கு எழுதத் தெரிஞ்ச சக சிப்பாய்கள் எழுதிக் கொடுத்தாங்க. ஒய்.எம்.சி.ஏ. கூடாரங்கள்ல தாளும் கொடுத்து, எழுதியும் கொடுத்தாங்க. (அந்த ஒய்.எம்.சி.ஏ.வோட இந்திய தேசியப் பொதுச்செயலாளரா 1916ல ஆனவர் நம்ம சேலத்துக்காரர் கே.டி. பால்.) நாலு முறுக்கு சம்பளம் எல்லாம் அவங்களுக்கு இருந்திருக்காது. :-)

ஹோவெல் வாராவாரம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பணும். கூடவே சில கடிதாசிகளோட மொழிபெயர்ப்பும் போகும். அந்தப் பகுதிகள் இன்னும் லண்டன்ல பத்திரமா இருக்கு. டேவிட் ஒமிசிங்கிற வரலாற்று ஆசிரியர் அதுல இருந்து தேர்ந்தெடுத்து 1999ல புத்தகமாவே போட்டார். ஹோவெலோட அறிக்கைகள்ல ஒரு விஷயம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. 1915 ஜனவரியில அவர் கவனிச்சது இது. சிப்பாய்கள் கடிதாசியில திடீர்னு கவிதை எழுத ஆரம்பிக்கறாங்க. இது நல்ல அறிகுறியாத் தெரியலை, மனசு கலங்கியிருக்கறதோட அடையாளம்னு அவர் பதிவு பண்றார்.

யோசிச்சுப் பாருங்க. மனோதத்துவம் படிச்ச ஆள் இல்லை அவர். ஆயிரக்கணக்குல படிச்சுப் படிச்சே ஒருத்தன் உடைஞ்சு போறதை எழுத்துல கண்டுபிடிக்கிற அளவுக்கு வந்துட்டார். ஆனா கண்டுபிடிச்சு என்ன பண்ணினார்? மேலிடத்துக்குச் சொன்னார். ஏன்னா அவர் வேலை அந்தச் சிப்பாயைக் காப்பாத்தறது இல்லை. விரக்தி ஊருக்குப் பரவாம, ஆள் சேர்ப்பு கெடாம, கலகம் வராம பாத்துக்கறது.

சிப்பாய்களுக்கும் இது சீக்கிரமே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் சங்கேத பாஷைதான். கறுப்பு மிளகுன்னா இந்தியச் சிப்பாய், சிவப்பு மிளகாய்னா வெள்ளைக்காரச் சிப்பாய். மிளகு தீர்ந்துபோச்சுன்னு எழுதினா என்ன அர்த்தம்னு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு பக்கம், கையில காயத்தோட வந்த இந்தியர்களை எல்லாம் தானே சுட்டுக்கிட்டானோன்னு சந்தேகப்பட்டாங்க. பிரைட்டன் ஆஸ்பத்திரியில கர்னல் புரூஸ் சீட்டன் 1915ல ஆயிரம் காயங்களை ஒண்ணொண்ணா ஆராய்ஞ்சு, அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லைன்னு எழுதினார். காயத்தைக்கூட நம்பாத இடத்துல எவன் மனசைத் திறந்து எழுதுவான்?

ஆக, இங்க எழுத்து இருந்தது. படிக்க ஆளும் இருந்தது. ஆனா படிச்சவன் எழுதினவனுக்காகப் படிக்கலை.

*

ரெண்டு வருஷம் தள்ளி வாங்க. 1917, ஸ்காட்லாந்துல எடின்பரோ பக்கத்துல கிரெய்க்லாக்கார்ட் ஆஸ்பத்திரி. போர்ல மனசு உடைஞ்ச அதிகாரிகளுக்கான இடம். அதிகாரிகளுக்கு மட்டும்தான், சாதா சிப்பாய்க்கு இல்லை.

அங்க இருந்த டாக்டர்கள்ல ஒருத்தர் நமக்கு ரொம்ப வேண்டியவர். டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். 1901-02ல நீலகிரியில தோடர்களோட இருந்து ஆராய்ச்சி பண்ணி, 1906ல அவங்களைப் பத்திப் பெரிய புத்தகம் எழுதின அதே ரிவர்ஸ். தோடர் மந்துல உட்கார்ந்து பொறுமையா கதை கேட்ட மனுஷன், பதினைஞ்சு வருஷம் கழிச்சு சோல்ஜர் பக்கத்துல உட்கார்ந்து அதேதான் பண்ணினார். அன்னைக்கு எல்லாரும் சொன்ன வைத்தியம் "நடந்ததை மறந்துடு, நினைக்காதே". ரிவர்ஸ் அதுக்கு நேர் எதிரா, அடக்கி வைக்காதே, பேசுன்னார். கவிஞர் சீக்ஃப்ரிட் சாசூன் அவர்கிட்ட சிகிச்சைக்கு வந்தவர்தான்.

இன்னொரு டாக்டர் ஆர்தர் பிராக். இவர் வைத்தியமே வேலை. ஏதாவது செய், ஊரோட ஒட்டு, எழுது. இவரோட நோயாளி வில்ஃப்ரெட் ஓவன். ஆஸ்பத்திரிக்குள்ளயே 'தி ஹைட்ரா'ன்னு ஒரு பத்திரிகை நடந்தது, அதுக்கு ஓவனை ஆசிரியர் ஆக்கினாங்க. கிரேக்கக் கதையில வர்ற அன்டேயஸ்ங்கிற மல்லனைப் பத்திக் கவிதை எழுதிட்டு வான்னு பிராக் வீட்டுப்பாடமே கொடுத்தார். பூலோன்ல ஒருத்தர் கவிதையைப் பாத்து பயந்தார், இங்க ஒருத்தர் அதையே மருந்தாக் கொடுத்தார். ரெண்டுக்கும் நடுவுல ரெண்டே வருஷம்.

ஓவன் தேறினார். நடுக்கம் போச்சு, போர்க்கவிதைகள் வந்தது. தேறினதால திரும்ப போர்முனைக்கு அனுப்பினாங்க. 1918 நவம்பர் 4, சண்டை முடிய ஒரே வாரம் இருக்கும்போது சுடப்பட்டு இறந்தார். வீட்டுக்குத் தந்தி வந்தது 11ம் தேதி, ஊரெல்லாம் போர் முடிஞ்ச மணி அடிச்சுக்கிட்டு இருந்த அன்னைக்கு.

பிராக்கைக் குறை சொல்லலை. அவர் உண்மையிலேயே குணப்படுத்தினார். ஆனா ராணுவத்துக்கு அந்தக் குணம் எதுக்கு வேணும்கிற கேள்வி அங்கயும் பின்னாடியே நின்னுச்சு.

*

மூணாவது கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. இதுல எழுதறவன் மாறிப் போறான்.

ஜெரோம் மோட்டோன்னு ஒரு அமெரிக்கர். ரெண்டாம் உலகப்போர்ல ஐரோப்பாவுல லாரி ஓட்டின சிப்பாய். ஊர்ல அறிமுகமான ஒரு பொண்ணு அவருக்கு விடாம கடிதாசி போட்டுட்டே இருந்தது. பெரிய காதல் காவியம் எல்லாம் இல்லை. சாதாரண ஊர்க்கதைதான். ஆனா நம்மளையும் ஒருத்தர் நினைச்சுட்டு இருக்காங்கன்னு அது அவருக்குக் கொடுத்த தெம்பை அவர் மறக்கவே இல்லை. போர் முடிஞ்சு மனநல மருத்துவர் ஆனார்.

1969ல சான் பிரான்சிஸ்கோவுல ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சார். மன அழுத்தம், தற்கொலை எண்ணம்னு ஆஸ்பத்திரியில சேர்ந்து வெளிய வந்தவங்கள்ல, "இனி சிகிச்சைக்கு வரமாட்டேன்"னு சொன்னவங்க 843 பேரை எடுத்துக்கிட்டார். பாதிப் பேரை அப்படியே விட்டாங்க. மீதிப் பாதிக்குக் கடிதாசி போட்டாங்க. முதல்ல மாசம் ஒண்ணு, அப்புறம் ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு, அப்புறம் மூணு மாசத்துக்கு ஒண்ணு, இப்படி 5 வருஷத்துக்கு. கடிதாசியில ரெண்டு மூணு வரிதான். நீங்க போய் நாளாச்சு, நல்லா இருக்கீங்கன்னு நம்பறோம், எங்களுக்கு எழுதணும்னு தோணினா எழுதுங்க. அவ்ளோதான். மாத்திரை சாப்பிட்டியா, செக்கப்புக்கு வான்னு ஒரு வார்த்தை இருக்காது. கூடவே விலாசம் எழுதின உறை ஒண்ணு, ஆனா ஸ்டாம்ப் ஒட்டாம. பதில் போட்டே ஆகணும்கிற பாரம்கூட இருக்கக்கூடாதாம்!

ரிசல்ட் 1976லயும், முழு விவரம் 2001லயும் வந்தது. முதல் ரெண்டு வருஷம் கடிதாசி போன குழுவுல தற்கொலைச் சாவு தெளிவாவே குறைவு. அப்புறம் வித்தியாசம் மெல்ல மெல்லக் கரைஞ்சுடுச்சு. மருந்து இல்லை, மாயம் இல்லை, ரெண்டு வரி.

அமெரிக்க ராணுவம் இதையே எஸ்எம்எஸ்ல செஞ்சு பாத்தது. தற்கொலை எண்ணம் இருந்த 658 படைவீரர்கள், பாதிப் பேருக்கு வருஷத்துல 11 மெசேஜ், அதுல ஒண்ணு பிறந்தநாளுக்கு. 2019ல முடிவு வந்தது. எதிர்பார்த்த முக்கிய அளவீடுகள்ல பலன் தெரியலை. ஆனா ஒரு வருஷத்துக்குள்ள தற்கொலைக்கு முயற்சி பண்ணினவங்க மெசேஜ் போன பக்கம் 9 சதவீதம், போகாத பக்கம் 15 சதவீதம். ஒரேயடியா கொண்டாடவும் முடியாது, தூக்கிப் போடவும் முடியாது.

நம்ம சென்னைக்கும் இந்தக் கதையில பங்கு இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 5 ஊர்கள்ல ஒரு ஆய்வு நடத்துச்சு, அதுல சென்னையும் கொழும்பும் உண்டு. இங்க அதை நடத்தினதுல முக்கியமானவர் டாக்டர் லட்சுமி விஜயகுமார், 1986ல ஸ்நேகா அமைப்பைத் தொடங்கினவர். தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேர். ஒரு பகுதிக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பகுதிக்கு அதோட ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச்சு, பிறகு 18 மாசத்துல 9 தடவை போன்லயோ நேர்லயோ "எப்படி இருக்கீங்க". 2008ல வந்த முடிவுப்படி, அந்த 18 மாசத்துல தற்கொலையில இறந்தவங்க வழக்கமான சிகிச்சையில 2.2 சதவீதம், விசாரிக்கப்பட்டவங்கள்ல 0.2 சதவீதம். 'நலமறிய ஆவல்'னு நாம சும்மா சடங்கா எழுதினதை அவங்க நிஜமாவே கேட்டிருக்காங்க.

*

அப்போ சிப்பாய் தானே எழுதறது? அதுலயும் ஆராய்ச்சி இருக்கு. 1986ல ஜேம்ஸ் பென்னிபேக்கர்னு ஒரு பேராசிரியர், காலேஜ் பசங்களை நாலு நாள், நாளுக்கு கால் மணி நேரம், மனசை அரிக்கறதை எழுதச் சொல்லி ஆரம்பிச்சு வச்சார். ஈராக், ஆப்கானிஸ்தான் போய் வந்த 1,292 அமெரிக்க முன்னாள் வீரர்கள்கிட்ட இதைச் செஞ்சு பாத்து 2015ல வெளியிட்டாங்க. கோபம், மனவேதனை குறைஞ்சது, ஆனா கொஞ்சமாத்தான். சும்மா கொட்டி எழுதினாலே தற்கொலை எண்ணம் போயிடும்னு யாரும் நிரூபிக்கலை. அப்படி யாராவது சொன்னா நம்பாதீங்க.

இன்னொண்ணு ரொம்ப எளிமையானது. கொலராடோவுல ஃபோர்ட் கார்சன் முகாம்ல கிரெய்க் பிரையன் குழு 97 சிப்பாய்களோட செஞ்சது, 2017ல வெளியானது. ஒரு தரப்புகிட்ட வழக்கமா வாங்கற உறுதிமொழி, 'நான் அப்படி எதுவும் செஞ்சுக்க மாட்டேன்'. இன்னொரு தரப்புக்கு ஒரு சின்ன அட்டை. அதுல அவங்க கையாலயே எழுதணும். எனக்கு நிலைமை மோசமாகுதுன்னு எப்படித் தெரியும், அப்போ நானா என்ன செய்வேன், எதுக்காக உயிரோட இருக்கணும், யாரைக் கூப்பிடுவேன், எந்த டாக்டர்கிட்ட போவேன். மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கலாம். 6 மாசத்துல உறுதிமொழித் தரப்புல 19 சதவீதம் பேர் முயற்சி பண்ணினாங்க, அட்டைத் தரப்புல 5 சதவீதம். சின்ன ஆய்வுதான். ஆனா ரெண்டுமே எழுத்து சம்பந்தப்பட்டதுதான்னு கவனிங்க. உறுதிமொழி ஆபீசுக்குப் பாதுகாப்பு, ஃபைல்ல போய்ச் சேரும். அட்டை அவன் சொத்து.

நூறு வருஷக் கதையைச் சேர்த்துப் பாத்தா எனக்குத் தோணறது இதுதான். என்ன எழுதறோம், எவ்வளவு நல்லா எழுதறோம்கிறது ரெண்டாம்பட்சம். அது யார் கைக்குப் போகுது, அவங்க அதை வச்சு என்ன பண்ணுவாங்கங்கிறதுதான் முக்கியம்.

*

இப்ப ஆவடிக்குத் திரும்புவோம். நாடாளுமன்றத்துல உள்துறை கொடுத்த கணக்குப்படி, 2018 முதல் 2022 வரை 5 வருஷத்துல மத்திய ஆயுதப் படைகள்ல 650 பேருக்கு மேல தற்கொலை பண்ணிக்கிட்டாங்க. சிஆர்பிஎஃப்ல மட்டும் 200க்கு மேல (அதுதான் இருக்கறதுலயே பெரிய படை, அதையும் கணக்குல வச்சுக்கணும்). இது ராணுவம் சேராத கணக்கு.

நம்ம படைகள்ல ஒண்ணும் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஜவான்கள் குறை சொல்ல சைனிக் சம்மேளன் இருக்கு. ஜோடி போட்டு ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கற வழக்கம் இருக்கு. 2023 டிசம்பர்ல புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில படையினருக்குன்னே டெலிமானஸ் பிரிவு தொடங்கினாங்க. நல்ல விஷயம். ஆனா நூத்துக்கணக்கான பேர் முன்னாடி, அதிகாரியைப் பாத்து, "சார், எனக்கு ராத்திரியில தப்புத்தப்பா எண்ணம் வருது"ன்னு எவன் எழுந்து நின்னு சொல்லுவான்? நம்ம ஆளுங்களுக்கு 'ஷேப்'னு ஒரு மருத்துவத் தரவரிசை உண்டு, அதுல முதல் எழுத்தே மனநலத்துக்குத்தான். அது இறங்கிச்சுன்னா 'லோ மெடிக்கல்'. பிரமோஷன், போஸ்டிங் எல்லாத்துலயும் அந்த பயம் வரும். ரிட்டயர் ஆன ஒரு அவில்தார் அண்ணன்கிட்ட பேசினப்போ சிரிச்சுக்கிட்டே சொன்னார், "தம்பி, பட்டாளத்துல கால் உடைஞ்சா லீவு, மனசு உடைஞ்சா ரெக்கார்டு." பூலோன் ஆபீஸ் மூடி நூறு வருஷம் ஆச்சு. ஆனா யாரோ படிப்பாங்கங்கிற பயம் போகலை.

இப்ப கடிதாசி எல்லாம் ஏது, எல்லார் கையிலயும் போன் இருக்கேன்னு கேப்பீங்க. உண்மைதான். அதுலயும் ஒரு சிக்கல். ஆயா மறைச்ச வரப்புத் தகராறு இன்னைக்கு அஞ்சே நிமிஷத்துல வீடியோ கால்ல போயிடுது. லீவு கிடைக்காத ஜவான் அங்க உட்கார்ந்துட்டு ஒண்ணும் செய்ய முடியாம கேட்டுக்கறான். அவன் பக்கத்து விஷயம் மட்டும் இன்னும் வர்றதில்லை. "நல்லா இருக்கேன்மா, நெட்வொர்க் சரியில்லை, வைக்கறேன்." நலம், நலமறிய ஆவல்தான், வேற பாஷையில.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ, சித்தி பையன், சிஆர்பிஎஃப்ல சத்தீஸ்கர்ல இருக்கான், அவனுக்கு ஒரு மெசேஜ் போட்டேன். நம்ம தெரு வேப்பமரத்தை வெட்டிட்டாங்கடா, நீ விழுந்து பல்லை உடைச்சுக்கிட்டது ஞாபகம் வந்தது, பதில் போடணும்னு இல்லை, சும்மாதான். மூணு நாள் பதில் வரலை. நாலாவது நாள் ராத்திரி பதினொண்ணரைக்கு போன். ஒன்றரை மணி நேரம் பேசினான். என்ன பேசினான்னு இங்க எழுதமாட்டேன், அது அவன் சொத்து. அடுத்த மாசமும் ஒரு மெசேஜ் போடறதா இருக்கேன்.

உங்க வீட்டுலயோ தெருவுலயோ யூனிஃபார்ம்ல ஒருத்தர் இருந்தா நீங்களும் ரெண்டு வரி போடுங்க. பணம் கேக்காம, பஞ்சாயத்து சொல்லாம, அறிவுரை இல்லாம. பேச்சுல ஏதாவது இடறினா, நேரடியாவே கேளுங்க, "சாகணும்னு தோணுதா?"ன்னு. கேட்டா எண்ணம் வந்துடும்கிறது தப்பு. கேட்டுட்டு, தனியா விடாம, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போற வரைக்கும் கூடவே இருங்க.

நம்பர்கள்: டெலிமானஸ் 14416 (நாள் முழுக்க, தமிழ்லயும் பேசலாம்). தமிழக அரசின் 104. ஸ்நேகா, சென்னை 044-24640050. போன்ல சேமிச்சு வச்சுக்குங்க, தேவைப்படாமலே போகட்டும்.